கனகாம்பரத்தின் மேல் போட்ட பழி

சென்ற வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு செய்தி வந்தது. படுக்கையறையில் பூச்செடி வைக்காதீர்கள், இரவில் அது நச்சுக்காற்றை விடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது என்று. அதன் கீழே பதினான்கு கும்பிடும் கைகள், ஆறு ரோஜாப்பூ, மூன்று பேர் ‘அருமையான தகவல்’. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் மின்விசிறியின் தூசியைக்கூட எண்ணுகிறவன் என்று என்னைக் கேலி செய்தவர்கள்தானே நீங்கள்.

மந்திர் மார்க் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அறிவியல் படித்தவர்கள். உங்களில் ஒருவர்கூட ‘இது பொய்’ என்று எழுதவில்லை. போதாததற்கு, உங்களில் ஒரு புண்ணியவான் அதை என் மகனுக்கும் அனுப்பியிருக்கிறார். என் மருமகள் படுக்கையறை மேஜையில் ஓர் ஆர்க்கிட் செடி வளர்க்கிறாள். அதற்கென்று தனித் தண்ணீர், தனி வெளிச்சம், மரப்பட்டைத் துண்டு நிரப்பிய தொட்டி. இப்போது ஒன்பது பூ இருக்கிறது. மகன் செய்தியைப் படித்தான். தொட்டியைத் தூக்கிக் குளிரில் பால்கனியில் வைத்தான். அதே கையோடு ஜன்னலை இறுகச் சாத்தினான். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மணியடித்து விசாரித்தார்.

“இந்த வயசுல ஒரு பூந்தொட்டிக்கு இப்படிக் கத்தணுமாப்பா?” என்றான்.

கத்தத்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். வாழ்த்தும் கும்பிடும் அனுப்ப வேண்டாம். கடைசிவரை படியுங்கள், போதும்.

டெல்லியில் கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால் நம் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த அரசாங்க வீடுகள். இரண்டு அறை, சமையலறை, முன்னால் வராந்தா, பின்னால் குழாயடியோடு ஒரு முற்றம். பெரிய அறையில் அப்பாவும் அம்மாவும். சின்ன அறையில் நான், என் தங்கை, சித்தி.

சித்தி என் அம்மாவின் தங்கை. டைப்பிஸ்ட் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து தனியாக ரயிலேறி வந்தவள். இருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்று கவலைப்பட்டவள் அம்மாதான், அவள் இல்லை. வரும்போது ஒரு பவுடர் டப்பா நிறையக் கனகாம்பர விதை கொண்டு வந்தாள். அன்றைய டெல்லியில் பூக்காரர்களிடம் கேந்தி கிடைக்கும், ரோஜா கிடைக்கும், கோடையில் மல்லிகை கிடைக்கும். கனகாம்பரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ந்த கதிரை எச்சில் தொட்ட விரலால் லேசாகத் தொடுவாள். ஈரம் பட்டதும் காய் டப்பென்று வெடிக்கும். விதை பறந்துபோய்த் தங்கையின் முகத்தில் விழும்.

“ஏட்டி, மூக்குல ஒண்ணு போய்ட்டு. நாளைக்கு மொளைக்கும் பாரு. தும்மினா பூவா வரும்.”

தங்கை கண்ணாடியில் போய் மூக்கைப் பார்ப்பாள். ஒரு கதிரில் எத்தனை காய் வெடித்தது என்று நான் எண்ணுவேன். எண்ணுகிற வியாதி அப்போதே இருந்தது.

வராந்தாவில் ஏழு செடி வளர்ந்தன. இரண்டு நெய் டின்னில், மூன்று மண் தொட்டியில், ஒன்று ஓட்டை வாளியில், ஒன்று அப்பாவின் பழைய ஷேவிங் கிண்ணத்தில். அந்தக் கடைசிச் செடி வளராமல் குள்ளமாகவே நின்றது. மழைக்காலம் முடியும்போது எல்லாம் பூத்தன. கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, எடை கிடையாது. காகிதத்தில் வெட்டியதுபோல மெல்லிய இதழ். சித்தி வாழைநாருக்குப் பதில் வெள்ளை நூலில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போவாள். அங்கே ஒரு சர்தார்ஜி, இந்த ஆரஞ்சு நிறப் பூ நிஜமா என்று கேட்டாராம்.

“நக்லிப் பூவுக்கு, பொய்ப் பூவுக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களான்னு கேட்டேன். அன்னையிலேர்ந்து அந்த மனுசன் நல்லா குனிஞ்சு பாத்துட்டுத்தான் போறாரு” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. “அவரு எதுக்குக் குனிஞ்சு பாக்காரு?” என்றாள்.

குளிர் வந்தது. டெல்லிக் குளிரை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கனகாம்பரத்துக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தீபாவளி போய்ச் சில வாரங்களில் இலை சுருண்டது. சித்தி ஏழு செடியையும் எங்கள் அறைக்குள் கொண்டு வந்து ஜன்னல் ஓரமாக அடுக்கினாள். ஜன்னல் இடுக்கில் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகினாள். கதவின் அடியில் கந்தல். அது எல்லாத் தமிழர் வீட்டிலும் செய்ததுதான், உங்கள் வீட்டிலும் செய்ததுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்படியும் இலை தொங்கியது. “நமக்குப் போத்திக்க ரஜாய் இருக்கு. இதுகளுக்கு யாரு போத்திவிடுவா?” என்று சித்தி ஓர் அங்கீட்டி வாங்கி வந்தாள். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது: இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் கம்பி வைத்த கரியடுப்பு. எங்கள் வீட்டில் அதுவரை இல்லை. செடிக்காகத்தான் வந்தது.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், எல்லோரும் பீஜி என்போம், அதைப் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்தார். வெளியே வைத்துப் பற்றவை, புகையெல்லாம் அடங்கி, கரி சிவந்த பிறகு உள்ளே கொண்டு போ. “ஔர் கிட்கி தோடி குலி ரக்னா, பேட்டி” என்றார். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை.

“கிட்கி குலி தோ பூல் மர் ஜாயேகா, பீஜி” என்றாள் சித்தி, ஜன்னல் திறந்தால் பூ செத்துவிடும் என்று.

பீஜி அடிவயிற்றிலிருந்து சிரித்தார். “பூல் கே லியே அங்கீட்டி! மதராசி லோக் பாகல் ஹைன்!” பூவுக்கு அடுப்பு வைக்கிற பைத்தியங்களை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில் ஜன்னல் பேச்சு அடிபட்டுப் போனது.

அந்த அறையை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. வெளியே சாம்பல் நிற மூடுபனி. உள்ளே கரியின் சிவப்பு, அதன் வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பூ. ஈரமண்ணின் வாசனை, சூடேறிய களிமண்ணின் வாசனை. ரஜாய்க்குள் கால் விரல் பத்தும் கதகதவென்று இருந்தன. டெல்லியில் வேறு எந்த வீட்டுக் குழந்தைக்கும் அப்படி இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

காலையில் மட்டும் தலை பிளந்தது. எழுந்தால் வாந்தி வருவதுபோல இருக்கும். பள்ளியில் இரண்டாம் பீரியட் வருவதற்குள் சரியாகிவிடும். தங்கைக்கு இன்னும் மோசம். சித்தி நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலுவலகம் போனாள். செடிகளும் நன்றாக இல்லை. விரிய வேண்டிய மொட்டுகள் அப்படியே உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி எண்ணுவது என் வேலை. ஒரு நாள் இருபத்தாறு மொட்டு.

“அதுக்கும் தலவலி போலிருக்குல. அதுக்கு எங்க தைலம் தடவ?” என்றாள் சித்தி.

வேடிக்கையாகச் சொன்னாள். வாய் தவறி உண்மையைச் சொன்னாள். கரியடுப்பின் வாயு பூமொட்டை உதிர்க்கும் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். எங்களுக்கு எது செய்ததோ அதுவேதான் செடிக்கும் செய்தது. அந்த அறையில் நோயாளிகள் மூன்று பேர் இல்லை, பத்துப் பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை பல் தேய்க்கப் போனவள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். உதடு வெட்டி ரத்தம். அப்பா தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார். தண்ணீர் தெளித்து, கண் விழித்ததும், எங்கள் அறைக்குள் வந்து இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார். அங்கீட்டியைத் தாண்டி அவர் பார்வை போனதை நான் பார்த்தேன். அது சாம்பல் பூத்து அணைந்து கிடந்தது. அப்பாவின் கண் செடிகளில் நின்றது.

“ஏல, இங்க வா. ராத்திரில செடி என்ன வாயு விடும்?”

“கார்பன் டை ஆக்சைடு.”

“பாத்தியா? ஆறாங்கிளாஸ் பையனுக்குத் தெரியுது.” சித்தியிடம் திரும்பினார். “ஒனக்குத் தெரியல.”

“அத்தான், ஏழு செடி. காடா வளத்திருக்கேன்?”

“சயின்ஸ்ல ஏழு என்ன, எழுநூறு என்ன? அடைச்ச ரூமுல விசத்த விட்டுக்கிட்டு இருக்கு. ஒனக்குப் பூ வேணுமா, எம் புள்ளைய வேணுமா? சொல்லு.”

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு ஒரு பெண் என்ன பதில் சொல்ல முடியும்? பாடப்புத்தகம் சரிதான், செடி இரவில் அந்த வாயுவை விடும். எவ்வளவு விடும் என்று அப்பா கேட்கவில்லை. ஏழு தொட்டியும் சேர்ந்து விட்டது, என் தங்கை ஒருத்தி தூக்கத்தில் விட்ட மூச்சுக்கு ஈடாகாது. சித்தி ஒவ்வொன்றாக ஏழையும் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைத்தாள். ஷேவிங் கிண்ணத்தைக் கடைசியாக எடுத்தாள். மறுநாள் காலை எல்லா இலையும் கருகிய காகிதம்போல இருந்தது.

செடி இல்லை என்றதும் அங்கீட்டிக்கு வேலை இல்லை. அதுவும் முற்றத்துக்குப் போனது. எங்கள் தலைவலி நின்றது. தங்கை துள்ளிக் குதித்தாள். அப்பா ஜெயித்துவிட்டார். இரண்டு பொருளை வெளியே போட்டுவிட்டு ஒன்றை மட்டும் கணக்கில் எழுதியவர், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் விஞ்ஞானி.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். “எங்க வீட்டுல நடந்தத கேளுங்க” என்று ஆரம்பிப்பார். “ஒரு பூவுக்காக ரெண்டு புள்ளையளயும் காவு குடுக்க இருந்தா.” சித்தி காபித் தம்ளரோடு அங்கேயே நிற்பாள். அவளை வைத்துக்கொண்டு அவள் கதையைச் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். உங்கள் அப்பாக்களில் நாலு பேர் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, பிழைத்துப் போங்கள்.

எனக்கு அதைவிட ஆத்திரம், சித்தி அதை நம்பினாள் என்பது. தங்கையின் உதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே, “கொன்னுருப்பேனேட்டி ஒன்ன” என்று அழுவாள். பவுடர் டப்பாவில் மிச்சம் இருந்த விதையை எங்கள் வீட்டில் அவள் போடவே இல்லை. வெயில் காலத்தில் கரோல் பாக்கில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் ஒற்றை அறை பார்த்துக்கொண்டு போனாள்.

“கல்யாணம் ஆவாத பொம்பள தனியாவா இருப்ப? ஊருல என்ன பேசுவாவ?” என்று அம்மா கத்தினாள்.

“செடி வளக்கப் போறேன்னு சொல்லுக்கா. பைத்தியம்னு பேசுவாவ. வேற ஒண்ணும் பேச மாட்டாவ.”

ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். மாடியில் அவள் கனகாம்பரம் மீண்டும் முளைத்திருந்தது. நான் எண்ணியபோது நாலு செடி. குளிருக்கு முன்பே இரண்டை வீட்டுச் சொந்தக்காரரான மகான் மாலிக்கின் மனைவிக்குக் கொடுத்துவிட்டாள், ஒன்று பட்டுப்போனது. மிஞ்சிய ஒன்று பெரிய நெய் டின்னில் என் இடுப்புயரம் வளர்ந்தது. சித்தி மறுபடி சிரித்தாள். மறுபடி காய் வெடித்தது. அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று ஓர் அறையும் ஒரு செடியும் இருந்த சில மாதங்கள் அவைதான்.

குளிர் தொடங்கியதும் அப்பா எங்கள் முற்றத்தில் கிடந்த அங்கீட்டியைத் தானே துடைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் பின்னால் கேரியரில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

“செடிய மட்டும் ராத்திரி உள்ள வைக்காத. கரி ஒண்ணும் செய்யாது. பொகை போயிட்டுன்னா அது வெறும் நெருப்புதான். கதவ நல்லா அடைச்சிக்க, மொட்டமாடிக் காத்து ஒடம்புக்கு ஆவாது.”

“சரி அத்தான்” என்றாள்.

ஜனவரியில் ஒரு நாள் காலை மகான் மாலிக் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூச்சிரைத்தது. உள்ளே வராமலே சொன்னார். பால்காரர் தட்டியும் கதவு திறக்கவில்லையாம். உடைத்துத் திறந்திருக்கிறார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மூச்சு முட்டிப் போய்விட்டது என்றாராம். தங்கையை பீஜியிடம் விட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

என்னை அறைக்குள் விடவில்லை. மாடியில் நெய் டின் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். டின்னைச் சுவரோரமாக ஒட்டி வைத்திருந்தாள். செடியின் மேல் அவளுடைய அரக்குநிறக் கம்பளிச் சால்வை. நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் கூடாரம்போலப் போர்த்தி, அடியில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருந்தாள். சுற்றிலும் மாடிச் சுவரெல்லாம் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. சால்வையை விலக்கிப் பார்த்தேன். பதினேழு பூ. ஒன்றுகூடக் கருகவில்லை.

உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

“கதவு அடியில துணி. ஜன்னலுக்குக் காயிதம். போத்திக்க வேண்டிய சால்வை செடிக்கு. வேற என்ன சாட்சி வேணும்? வேணும்னேதான் அடைச்சிக்கிட்டா. மனசு வெறுத்துட்டா.”

அம்மா கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். கையில் ஒரு பித்தளைப் பாத்திரம். அதன் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்து, காய்ந்து ஒட்டியிருந்தது. மாடிக் குழாயில் அதைத் தேய்த்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். சால்வையை எடுத்து மடித்தாள். செடியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியாட்களுக்கு மாரடைப்பு என்று சொன்னார்கள். சொந்தக்காரர்களுக்கு அப்பாவின் தீர்ப்பு காதோடு காதாகப் போனது. எங்கள் வீட்டில் அவள் படம் மாட்டவில்லை. அவள் பெயரில் ஒரு விளக்கு ஏற்றவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இரண்டு இடத்தில், “அந்தச் சித்தி என்னமோ செஞ்சுக்கிட்டாளாமே” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். செடியைக் காப்பாற்றப் பக்கத்து வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொண்டவள், வாழ வெறுத்தவள் ஆனாள்.

கல்லூரியில் வேதியியல் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. கார்பன் மோனாக்சைடு என்று, புகையும் இல்லாத, மணமும் இல்லாத கரி வாயு ஒன்று உண்டு. அடைத்த அறையில் அது ரத்தத்தில் உயிர்க்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு மயக்கம். ஆசிரியர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, எங்கள் சின்ன அறை கண் முன்னால் நின்றது. அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். செடி இல்லைப்பா, அங்கீட்டி. அவள் சாகப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னபடியே செடியை வெளியே வைத்தாள், நீங்கள் சொன்னபடியே கதவை அடைத்தாள். அறை சூடாக இருந்ததால்தான் சால்வை அவளுக்குத் தேவைப்படவில்லை.

அப்பா செய்தித்தாளை நாலாக மடித்தார். “பெரிய விஞ்ஞானி வந்துட்டான். அவ பேச்ச இந்த வீட்டுல இனி எடுக்கக் கூடாது” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் சமையலறைக்குப் போனேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். திரும்பாமலே சொன்னாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ல.”

“என்ன தெரியும்?”

அந்தப் பித்தளைப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினாள். அதில்தான் மாவு இருந்தது. “தோச மாவு. குளிருல புளிக்காதுன்னு அங்கீட்டி பக்கத்துல வச்சிருந்தா. பொங்கி வழிஞ்சு கெடந்தது. காலைல தோச சுடணும்னு மாவு ஆட்டி வச்சவ, ராத்திரி சாவ நெனப்பாளா?”

“அப்ப ஏம்மா சொல்லல?”

“சொன்னா, அங்கீட்டியக் குடுத்தது யாருன்னு வருமே. ஒங்கப்பா தாங்க மாட்டாரு.”

தோசையைத் திருப்பிப் போட்டாள். ஒரு ஆள் தாங்கமாட்டார் என்பதற்காக, கூடப் பிறந்தவள் மேல் அந்தப் பழியைக் கடைசிவரை விட்டுவைத்தாள். அவர் தாங்கினார். நன்றாகத் தாங்கி, எண்பத்தெட்டு வயதுவரை இருந்து, செடிக்கதையைச் சொல்லிக்கொண்டே போனார். நான் அன்றைக்குத் தோசை சாப்பிடவில்லை. அதற்கு மேல் எனக்கும் யாரிடமும் வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

ஒவ்வொரு குளிர்காலமும் இந்த நகரத்தில் எங்கேயாவது ஒரு காவலாளி அறையில், ஒரு கூலிக்காரர் குடிசையில் அங்கீட்டியோடு கதவை அடைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் காலையில் எழுந்திருப்பதில்லை. பத்திரிகையில் ஒரு மூலையில் வரும். அதை நீங்கள் யாரும் குழுவில் அனுப்புவதில்லை. செடியை மட்டும் வெளியே போடச் சொல்கிறீர்கள்.

ஆர்க்கிட்டை நானே தூக்கிக்கொண்டு வந்து படுக்கையறை மேஜையில் வைத்துவிட்டேன். ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருக்கிறேன். மகன் முணுமுணுக்கிறான், முணுமுணுக்கட்டும். குழுவில் நாம் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். என் சித்தி சாக நினைக்கவில்லை, மறுநாள் தோசை சுட நினைத்தாள் என்பது இன்று முதல் நாற்பத்திரண்டு பேருக்குத் தெரியும். பதினான்கு கும்பிடு போட்டீர்களே, அந்தக் கும்பிடுகளை இப்போது அழியுங்கள். அழித்தவர்களை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.